முட்டைக் காரும் முட்டி வலியும்

“பாம்ம்ம்ம்... பாம்ம்ம்ம்!”

வாசலில் லாரி ஹாரன் அலறியது. டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த புருல் பதறி எழப் போய், நெற்றியை இரும்பில் ‘ணங்’கென்று இடித்துக்கொண்டாள். யார் வந்திருப்பது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். ஊருக்கே தெரியும். அவள் கணவனின் அண்ணன் குபாத் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் அந்த ஹாரனை அடித்துவிட்டுத்தான் லாரியை விட்டு இறங்குவார்.

ஆனால் இன்றைக்கு எதற்கு வந்தார்? கோடை மேய்ச்சலுக்கு மலைக்குப் புறப்பாடு நாளைக்கு அல்லவா?

நெற்றியைத் தேய்த்தபடி வெளியே வந்து பார்த்தாள். லாரியில் பாதிக்கு மேல் சாமான் ஏறியிருந்தது. கூடாரக் கழிகள், கம்பளிச் சுருள்கள், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய சோலார் தகடு. முன் சீட்டில் குபாத்தின் மனைவி ரைசா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சினிமாவுக்குப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

“என்ன பெரியத்தான், பொழுது விடியறதுக்குள்ள?”

“கணவாய்ல பனி முழுக்க உருகிடுச்சாம்மா. அப்புறம் எதுக்கு நாளை வரைக்கும் உட்கார்ந்திருக்கணும்? இன்னைக்கே ஏறிடலாம்னு கிளம்பிட்டேன். ரைசாவோட அம்மா வீட்ல கொஞ்சம் சாமான் ஏத்த வேண்டியிருக்கு. அதை முடிச்சா நேரா மலைதான்.”

“அப்ப எங்க சாமான்?”

“உங்களுக்கென்ன அவசரம்? நான் போய் இறக்கிப் போட்டுட்டு, நாளைக்கோ மறுநாளோ திரும்பி வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். வருஷா வருஷம் நடக்கறதுதானே?”

வருஷா வருஷம் நடப்பதுதான். அதுதான் புருலின் வயிற்றெரிச்சல்.

மலையில் அவர்கள் குடும்பத்து மேய்ச்சலுக்கென்று இருந்த பள்ளத்தாக்கில் கூடாரம் போட இரண்டே இடங்கள். ஒன்று, கீழே ஊற்றை ஒட்டிய புல்வெளி. இன்னொன்று, அதற்கு நேர் மேலே மொட்டை மேடு. முதலில் வந்து எவர் அடுப்பு மூட்டுகிறாரோ, அந்தக் கோடைக்கு ஊற்றங்கரை அவருக்கு. குடும்பத்தில் தொன்றுதொட்டு இதுதான் வழக்கம். அடுப்பிலிருந்து புகை எழும்பிவிட்டால் அதற்கப்புறம் அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. லாரி இருப்பவர் முதலில் போவார், லாரிக்குக் காத்திருப்பவர் பிறகு போவார். எனவே மேடு எப்போதும் புருலுக்குத்தான். போன கோடை முழுவதும் காலையிலும் மாலையிலும் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் அவள் ஏறினாள். ஊற்றங்கரையில் ரைசா பாத்திரம் கழுவிய தண்ணீரை வீசி ஊற்றுவதை மேலிருந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு காய்ந்துபோகும்.

அதனால்தான் இந்தக் குளிர்காலத்தில், தர்பூசணி வியாபாரி ஒருவர் கழித்துப்போட்ட இரண்டு சக்கர டிரெய்லரைத் தேடிப் பிடித்து வாங்கி, நீல பெயின்ட் அடித்து, தன் சின்ன ஜப்பான் காருக்குப் பின்னால் கொக்கி வைத்துப் பொருத்தியிருந்தாள். வைக்கோல் ஏற்றி ஊருக்குள் இழுத்துப் பழகியும் இருந்தாள். கணவன் மெதெர் குதிரையில் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு முன்னமே புறப்பட்டுவிட்டான். மந்தை மேய்ந்து மேய்ந்து போய்ச் சேர நாளை மாலையாகிவிடும். ஆக, இன்றைக்குக் கூடாரத்தைக் கொண்டுபோக வேண்டியவள் அவள்தான்.

“நாங்களே வந்துடறோம், பெரியத்தான். இன்னைக்கே.”

“எதுல?”

புருல் கையை நீட்டிக் காட்டினாள். குபாத் குனிந்து பார்த்தார். அப்புறம் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நம்ம முட்டை இப்ப குஞ்சு வேற பொரிச்சிருக்கா?”

அவளுடைய கார் உருண்டையாக, வெள்ளையாக இருக்கும் என்பதால் முட்டை என்பது அவர் வைத்த பெயர்.

“சிரிக்காதீங்க. வைக்கோல் எல்லாம் இழுத்திருக்கு.”

“வைக்கோலை நாய்க்குட்டிகூட இழுக்கும்மா. கிஜில்-பெல் கணவாய் ஏத்தத்துல என் லாரியே முக்கி முனகும். உன் முட்டை பாதி ஏறிட்டு, உருண்டு திரும்பி ஆத்துக்கே வந்து சேரும். குஞ்சு முன்னாடி, முட்டை பின்னாடி.”

இந்த நேரத்தில் மாமியார் தொக்தோகான் வெளியே வந்தாள். அகன்ற தோள், வெள்ளைத் தலைத்துணி, கையில் குதிரைச் சவுக்கு. மலைக்குப் போகும் நாளில் சவுக்கில்லாமல் வாசல் தாண்ட மாட்டாள், குதிரை இருக்கிறதோ இல்லையோ.

குபாத் உடனே சிரிப்பை நிறுத்தி நெஞ்சில் கை வைத்தார். “வாங்கம்மா. முன் சீட்டு உங்களுக்குத்தான். ரைசா, நகரு.”

ரைசா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு விரல் அளவு நகர்ந்தாள்.

தொக்தோகான் லாரியின் படியை மேலும் கீழும் பார்த்தாள். “அம்மாடி, எம்மாம் உசரம்! என் முட்டி ஒத்துக்காது, குபாத்.”

“போன வருஷம் ஏறினீங்களே?”

“போன வருஷத்து முட்டி வேற, இந்த வருஷத்து முட்டி வேற. நான் இந்த முட்டைக்குள்ளயே எப்படியாவது ஒடுங்கிக்கறேன். என் தலையெழுத்து, வேறென்ன?”

“உங்க இஷ்டம்மா. நான் அடுப்பு மூட்டி டீ போட்டு வெக்கறேன். நிதானமா வாங்க.”

லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. மாமியார் முன் சீட்டில் இல்லாமல் போனால் வழியெல்லாம் நிம்மதியாக ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்த புருல், கம்பளிச் சுருளைத் தூக்கினாள்.

சாமான் ஏற்றும்போதே தகராறு ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். புருல் அவர்களிடம், “பெட்டகம் நடுவுல, சக்கரத்துக்கு மேல வரட்டும். கனமானதெல்லாம் நடுவுல” என்றாள். தொக்தோகானின் பெட்டகம் கருங்காலி போலக் கறுத்த பழைய மரம், சுற்றிலும் தகரப் பட்டை. கல்யாணச் சீராக வந்தது. காலியாக இருந்தாலே இரண்டு பேர் தூக்க வேண்டும். இப்போது அதற்குள் வெள்ளித் தட்டு, வெண்கலப் பாத்திரங்கள், இறைச்சி அரைக்கும் இரும்பு இயந்திரம் எல்லாம் இருந்தன.

“நில்லு” என்றாள் தொக்தோகான். “நடுவுல எது இருக்கும்?”

“நடுவுலன்னா...”

“கூடாரத்துல நடுவுல எது இருக்கும்னு கேக்கறேன்.”

“அடுப்பு, அத்தை.”

“உள்ள நுழையற பக்கம்?”

“வாசல்.”

“வாசலுக்கு நேரெதிர்ல?”

“மேலிடம்.”

“பெட்டகம் எங்க இருக்கணும்?”

“மேலிடத்துல... ஆனா அத்தை, இது கூடாரம் இல்ல, டிரெய்லர்.”

“கூடாரத்தைத்தானே கொண்டுபோறோம்? கூடாரம் போற மாதிரிதான் போகணும். என் பெட்டகத்தை அடுப்பு மேல வைப்பியா? அப்படியே என்னையும் தூக்கி வாசல்ல வெச்சிடு, செருப்போட செருப்பா.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் புருலின் முகத்தைப் பார்த்தார்கள். புருல் வானத்தைப் பார்த்தாள். டிரெய்லரின் பின்கதவுதான் வாசல் என்று ஆனது. அதையொட்டி சேணமும் வாளிகளும். நடுவில் இரும்பு அடுப்பு. முன்னால், காரின் கொக்கிக்கு நேர் மேலே, மரியாதைக்குரிய மேலிடத்தில் பெட்டகம். அதன் மேல் கம்பளிகள், கழிகள், எல்லாவற்றுக்கும் உச்சியில் கூடாரத்தின் கூரை வளையம். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியதும் காரின் பின்புறம் முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி தாழ்ந்துபோயிற்று. மூக்கு வானத்தைப் பார்த்தது.

“அழகா இருக்கு” என்றாள் தொக்தோகான். “இப்ப ஓட்டு.”

சமதளத்தில் கார் நன்றாகவே போயிற்று. ஸ்டீரிங் கொஞ்சம் லேசாக இருந்ததைப் புருல் கவனித்தாள். ரைசாவின் அம்மா வீட்டைத் தாண்டி வந்த பிறகும் பின்னால் கண்ணாடியில் குபாத்தின் லாரியைக் காணோம். ரைசாவின் அம்மா ஒருவருக்குச் சாமான் கொடுத்தனுப்புவது என்றால் லேசில் முடியாது. ஊறுகாய் ஜாடி ஒவ்வொன்றாக வரும், திரும்பிப் போகும், மறுபடி வரும். அந்த அம்மாள் மேல் புருலுக்கு முதல்முறையாகப் பிரியம் பொங்கியது.

“அத்தை, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. பாலம் தாண்டினதும் வேகம் எடுத்து, ஏத்தம் முழுக்க ஒரே மூச்சுல ஏறிடணும். நடுவுல நிக்கக் கூடாது. நின்னா மறுபடி கிளம்பாது.”

“குதிரைகூட நடுவுல மூச்சு வாங்கும்.”

“குதிரைக்கு நாலு காலும் இழுக்கும் அத்தை. இதுக்கு முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.”

“அதான் பார்த்தேன், மொண்டி மாதிரி இருக்கேன்னு.”

பாலம் வந்தது. புருல் மிதித்தாள். கார் கூவிக்கொண்டு ஏறியது. சரளைக் கற்கள் டிரெய்லரின் அடியில் படபடத்தன. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. இடது பக்கம் பள்ளம், அதன் அடியில் ஆறு வெள்ளை நூலாகத் தெரிந்தது. பாதி ஏற்றம் தாண்டியாயிற்று. இன்னும் கொஞ்சம்தான். புருல் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘நிக்காதே, என் கண்ணு, நிக்காதே’ என்று காருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வளைவில், சாலையின் வலது ஓரத்தில் ஒரு கூடாரம். அதன் முன்னால் ஒரு கிழவி, இரண்டு கையாலும் ஒரு பெரிய கிண்ணத்தை ஏந்தியபடி சாலைக்கே வந்து நின்றாள்.

“நிறுத்து” என்றாள் தொக்தோகான்.

“அத்தை!”

“குடிபெயர்ந்து போறவங்களுக்கு மோர் நீட்டறா. கிண்ணத்தைத் தாண்டிப் போறதா? நம்ம வீட்ல இதுவரைக்கும் யாரும் அப்படிப் போனதில்ல.”

“ஏத்தம் அத்தை, கிளம்பாது அத்தை!”

“அவ நம்ம உம்சுன்! என் கல்யாணத்துல பாடினவ! நிறுத்து!”

எல்லாரும் சாலையின் வலது பக்கமாகப் போகிற நாட்டில், வலது பக்கம் ஸ்டீரிங் உள்ள கார் வைத்திருந்தால் இதுதான் வினை. ஓரத்தில் நிற்பவர் நீட்டுவது நேரே ஓட்டுபவரின் மூக்குக்கு வரும். உம்சுன் நீட்டிய கிண்ணம் ஜன்னல் வழியாகப் புருலின் தாடையில் இடித்தது. அதற்கு மேல் எப்படி ஓட்டுவது? பிரேக்கை மிதித்தாள். குளிர்ந்த கெட்டி மோர் அவள் மடியில் பாதி, வாயில் பாதி போயிற்று.

“நல்லபடியா போய்ச் சேருங்க, மந்தை பெருகட்டும்!” என்று வாழ்த்திய உம்சுன், உள்ளே எட்டிப் பார்த்து, “ஏய் தொக்தோகான்! நீயா? இந்தப் பெட்டிக்குள்ள உன்னை எப்படித் திணிச்சாங்க?” என்றாள்.

“உன் வாய்க்கு இன்னும் பூட்டு வாங்கலையாடி நீ?” என்று தொக்தோகான் இறங்கினாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். பிறகு அவளுக்கும் ஒரு கிண்ணம், அதன் மேல் இன்னொரு கிண்ணம்.

மாமியார் மறுபடி ஏறி உட்கார்ந்ததும் புருல் காரைக் கிளப்பினாள். முன் சக்கரங்கள் ‘ஙீ...’ என்று சுழன்றன. புழுதி கிளம்பியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். இன்னும் கொஞ்சம் புழுதி. மூன்றாவது தடவை கார் மெல்லப் பின்னால் சரிய ஆரம்பித்ததும் அலறி, கை பிரேக்கை இழுத்தாள். உம்சுன் ஓடிப்போய் டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய கற்களைப் போட்டாள்.

மூன்று பேரும் காரைச் சுற்றி நின்றார்கள்.

“பெட்டகம்தான், அத்தை” என்றாள் புருல். இப்போது பயத்தைவிட ஆத்திரம் அதிகம். “அது கொக்கி மேல உட்கார்ந்து பின்பக்கத்தை அமுக்குது. முன்பக்கம் தூக்கிக்குது. இழுக்கற சக்கரத்துக்குத் தரையே எட்டல.”

“அப்ப பெட்டகத்தை நகர்த்து.”

“அது அடியில இருக்கு. கயிறை அவுத்து, எல்லாத்தையும் இறக்கி... நாம மூணு பேரால தூக்கவும் முடியாது.” உம்சுனின் வீட்டு ஆண்கள் மந்தையோடு மேலே போயிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழே, வெகு கீழே, பாலத்துப் பக்கத்திலிருந்து.

“பாம்ம்ம்ம்...”

புருலுக்கு அழுகை வந்துவிட்டது. ஊற்றங்கரை கண்ணெதிரே நழுவிப் போயிற்று. மேடு தெரிந்தது. வாளி தெரிந்தது.

தொக்தோகான் கீழே எட்டிப் பார்த்தாள். சிவப்பு லாரி ஒரு பூச்சி போல வளைவில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“சரி, முன்பக்கம் தூக்குதுன்னா முன்பக்கம் கனம் வெச்சா போச்சு. எவ்வளவு கனம் வேணும்?”

“ஒரு... ஒரு கொழுத்த...” என்று ஆரம்பித்த புருல், மாமியாரின் இடுப்பளவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். “ரெண்டு மாவு மூட்டை இருந்தா போதும், அத்தை.”

“கல்லு வைக்கலாமா?”

“உருண்டு விழுந்துடும். தானா பிடிச்சுக்கற மாதிரி ஏதாவது...”

உம்சுன் தன் சிநேகிதியை உச்சி முதல் பாதம் வரை நிதானமாக அளந்தாள். “தானா பிடிச்சுக்கற ரெண்டு மாவு மூட்டைதானே? அதுதான் என் மோரை ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு இங்க நிக்குதே!”

புருல் கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, இடி விழப்போகிறது.

இடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது தொக்தோகான் காரின் மூக்கைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், சந்தையில் குதிரை பார்ப்பவளைப் போல.

“அந்த மடிச்ச மெத்தையை எடுத்து இது மேல போடு. கயிறை இந்த ஜன்னல் வழியா விட்டு அந்த ஜன்னல் வழியா இழுத்துக் கட்டு. பிடிக்க லகான் வேணாமா?”

“அத்தை, உங்க முட்டி...”

“முட்டியா உட்காரப்போகுது? ஏத்திவிடுங்கடி!”

உம்சுன் தோள் கொடுத்தாள், புருல் காலைத் தாங்கினாள். தொக்தோகான் காரின் பானட்டில் ஏறி அமர்ந்தாள். தகரம் ‘டொப்’பென்று ஒரு சத்தம் போட்டது. காரின் மூக்கு, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வது போல, மெல்லத் தாழ்ந்தது. டயர் தரையில் பதிந்ததைப் புருல் கண்ணாலேயே பார்த்தாள்.

ஓடிப்போய் உட்கார்ந்து காரைக் கிளப்பினாள். சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. கற்களைக் கடித்தது. கார் நகர்ந்தது! பின்னாலிருந்து உம்சுன், “போடி ராணி! ஓடு, ஓடு!” என்று கத்தினாள்.

நகர்ந்தது சரி. எதிரே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க மாமியாரின் முதுகு. அதற்கு மேலே வெள்ளைத் தலைத்துணி.

“அத்தை, ரோடு தெரியல!”

“எனக்குத் தெரியுதில்ல? இடது... இடது... அட, அவ்வளவு இடது இல்லடி, ஆத்துல குளிக்கவா போறோம்? வலது!”

“எவ்வளவு வலது?”

“நீ சோத்துல உப்புப் போடற அளவு!”

“கொஞ்சமாவா?”

“நிறையடி! நிறைய!”

இப்படியே ஒரு வளைவு, இன்னொரு வளைவு. தொக்தோகான் ஒரு கையில் கயிற்றைப் பிடித்து, மறு கையில் சவுக்கை நீட்டி வழி காட்டினாள். நிமிர்ந்த முதுகு. அசையாத தலை. அந்தக் காலத்தில் குடிபெயர்ந்து போகும் வரிசைக்கு முன்னால், நல்ல குதிரையாகப் பார்த்து மூத்த பெண்மணியைத்தான் ஏற்றி அனுப்புவார்களாம். புருலுக்கு அது ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது. சிரித்தால் ஸ்டீரிங் ஆடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் லாரி பின்னாலேயே வந்துவிட்டது.

“பாம்ம்ம்ம்!”

“புருல்! ஓரம் கட்டும்மா!” என்று குபாத்தின் குரல். “நான் அப்பவே சொன்னேன்ல? முட்டை எப்படித் திணறுது பாரு! ஓரம் கட்டு, நான் முன்னாடி போயி...”

சாலை வளைந்தது. காரின் பக்கவாட்டுப் பகுதி அவருக்குத் தெரிந்தது. பானட்டின் மேல் இருந்ததும் தெரிந்திருக்க வேண்டும். ஹாரன் பாதியில் நின்றது.

“அம்மா?”

தொக்தோகான் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியில் இன்னொரு கூடாரம். ஒரு பெண் கிண்ணத்தோடு ஓடி வந்தாள், பானட்டைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றாள். தொக்தோகான் ஓடும் காரிலிருந்தே கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, “நல்லா இரும்மா!” என்று திருப்பிக் கொடுத்து, சவுக்கால் பின்னால் காட்டினாள். “அதுல ரெண்டு பேர் வராங்க. விட்டுடாதே!”

அந்தப் பெண் விடவில்லை. லாரி நின்றது. குபாத் குடித்தார். ரைசா குடித்தாள். கூடாரத்துக்குள்ளிருந்து இன்னும் ஒரு கிண்ணம் வந்தது. கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டே புருல் ஏற்றத்தின் கடைசி வளைவைத் தாண்டினாள்.

கணவாய் முடிந்தது. கண்ணுக்கெட்டிய வரை பச்சை. இங்கே சாலை என்று ஒன்று கிடையாது. புல்வெளியில் பக்கம் பக்கமாகப் பத்துத் தடங்கள், யார் எதில் வேண்டுமானாலும் போகலாம். புருல் காரை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினாள்.

“அத்தை, சமதளம் வந்தாச்சு! இனிமே கனம் வேண்டாம். இறங்கி உள்ள வந்துடுங்க. காத்து குளிருது.”

தொக்தோகான் காலை நீட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். “அய்யய்யோ, முட்டி மடங்கிப் பிடிச்சுக்கிச்சு. நீட்ட முடியல. இறங்கற மாதிரியே இல்ல.”

“நான் தூக்கிவிடறேன்.”

“தொடாதே, உயிர் போகுது! ஓட்டு. போய்ச் சேர்ந்து இறங்கிக்கறேன்.”

வேறு வழியில்லாமல் புருல் நடைவேகத்தில் ஓட்டினாள். பின்னால் லாரி உறுமிக்கொண்டு கணவாய் ஏறியது. பக்கத்துத் தடத்தில் இறங்கியது. வேகம் எடுத்தது. நெருங்கியது. பக்கவாட்டில் வந்தேவிட்டது. அவ்வளவுதான். இவ்வளவும் பட்டு, கடைசியில்...

லாரியின் மூக்கு காரின் மூக்குக்கு நேராக வந்தது. அங்கே தயங்கியது.

“முந்துங்களேன்!” என்று ரைசாவின் கீச்சுக் குரல் காற்றில் வந்தது. “எதுக்கு நிக்கறீங்க? புல்வெளி பூரா கிடக்கு!”

“எப்படிடி முந்தறது? முன்னாடி போறது எங்கம்மாடி!”

“காருதான் போகுது!”

“காரு உனக்கு. எனக்கு எங்கம்மா தெரியறாங்க. பெத்தவளோட பாதையைக் குறுக்க வெட்டிட்டுப் போனேன்னு ஊர்ல பேச மாட்டாங்க? அதோ, ரெண்டு கூடாரத்துலேர்ந்து பார்த்துட்டு வேற நிக்கறாங்க.”

“அப்ப அவங்களை இறங்கச் சொல்லுங்க!”

குபாத் தலையை வெளியே நீட்டி, “அம்மா, வசதியா இருக்கா? லாரிக்கு வந்துடறீங்களா?” என்று பணிவாகக் கேட்டார்.

“முட்டி, குபாத், முட்டி” என்றாள் தொக்தோகான், எதிரே பார்த்தபடி.

லாரி பின்வாங்கியது. நீலக் குஞ்சுக்குப் பின்னால், அது போன வேகத்திலேயே, பெரிய சிவப்பு லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. வழியில் நின்ற ஒரு குதிரைக்காரன் தொப்பியைக் கழற்றி, முதலில் கிழவிக்கு வணக்கம் போட்டான், பிறகு லாரியைப் பார்த்துச் சிரித்தான்.

ஊற்றங்கரை வந்ததும் புருல் காரை நிறுத்தினாள், இறங்கினாள், ஓடினாள். டிரெய்லரின் பின்கதவைத் திறந்தால் வாளியும் சேணமும். அதற்கடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் இரும்பு அடுப்பும் கெண்டியும். பெட்டகத்தின் மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம் அந்தக் கணத்தில் பாதி தணிந்தது. கூடாரம் போல அடுக்கியதில் ஒரு லாபம், அடுப்புச் சாமான் தேட வேண்டியதில்லை. அடுப்பை இறக்கி, காய்ந்த சாணி வறட்டிகளை அதில் அடுக்கி, தீக்குச்சியைக் கிழித்தாள். காற்று அணைத்தது. இன்னொன்று. உடம்பை வளைத்து மறைத்துக்கொண்டு மூன்றாவதைக் கிழித்தாள். பிடித்தது. நீலமாக ஒரு புகை எழும்பி, ஊற்றின் மேல் சாய்ந்தது.

குபாத் லாரியிலிருந்து இறங்கி வந்து அந்தப் புகையைப் பார்த்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“பத்திக்கிச்சா?”

“பத்திக்கிச்சு, பெரியத்தான்.”

“ம்ம்.” மேட்டைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ரைசாவைப் பார்ப்பதைத் தவிர்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “என் லாரியை ஒரு முட்டை ஜெயிச்சிருச்சுன்னு யாருகிட்டயும் சொல்லாதே.”

“சொல்ல மாட்டேன். நீங்க டீ போட்டு வெக்கறேன்னு சொன்னீங்க, இப்ப நான் போடறேன். உட்காருங்க.”

“முதல்ல அந்தப் பெட்டகத்தை இறக்கிடறேன். உன்னால முடியாது.” மேலே இருந்த கம்பளிகளைத் தள்ளி, ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தவரின் கண்கள் பிதுங்கின. “இதை முன்னாடி வெச்சா ஏத்தினீங்க? யார் பண்ண வேலை இது?”

புருல் அடுப்பில் இன்னொரு வறட்டியை வைத்தாள்.

“மேட்டுக்குத் தண்ணிதான் ரோதனை” என்று ரைசா லாரியிலிருந்தபடியே யாருக்கோ சொன்னாள். “இடுப்பு ஒடிஞ்சுடும்.”

“ஒடியும் அக்கா, எனக்குத் தெரியும்” என்றாள் புருல். “என் குஞ்சைத் தர்றேன், எடுத்துக்குங்க. ஒரு டிரம்மை வெச்சு இழுத்தா ஒரே நடையில முடிஞ்சுடும். டிரம் மட்டும் நடுவுல இருக்கணும், சக்கரத்துக்கு மேல.”

ரைசா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று புருலுக்குச் சரியாகப் புரியவில்லை. ஆனால் அவள் லாரியை விட்டு இறங்கி வந்தாள், கையில் ஊறுகாய் ஜாடி ஒன்றோடு.

அடுப்பில் வைக்கக் கெண்டியை எடுத்தபோதுதான் அது காலி என்று தெரிந்தது. தண்ணீர் எடுக்க வாளியைத் தேடினால் டிரெய்லரில் வாளிகளைக் காணோம். மாமியாரையும் காணோம். பானட்டில் மெத்தையும், அதற்கடியில் ஒரு பெரிய பள்ளமும்தான் மிச்சம். முட்டி வலியோடு எங்கே போனாள் என்று புருல் பதறித் திரும்பினாள்.

ஊற்றுப் பக்கத்திலிருந்து தொக்தோகான் வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் தளும்பத் தளும்ப வாளி. சரிவான கற்களின் மேல் இளவட்டம் போல டக் டக்கென்று தாவி வந்தாள்.

“அத்தை! முட்டி?”

தொக்தோகான் வாளிகளை அடுப்படியில் வைத்தாள். குபாத் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“அது லாரியைப் பார்த்தா மட்டும்தான்டி வலிக்கும். போன கோடை பூரா நீ இந்த வாளியோட மேடு ஏறினதைப் பார்த்ததுலேர்ந்து.”